இதயநோயிலிருந்து தேறியவர் நடந்து காண ஏற்ற ஊர் எது?

இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டு வீடு திரும்பியவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது தயக்கத்துடன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “டாக்டர், இனி நான் வெளியூர் போகலாமா?” பெரும்பாலோர்க்கு என் விடை, “போகலாம், போகவும் வேண்டும்” என்பதே. அச்சத்தால் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தாலும் உடல் தளரும். ஆனால் எந்த ஊர், எந்த நேரம், எவ்வளவு நடை என்பவற்றை முன்னரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

உப்பளம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், சிகிச்சை முடிந்த ஆறாம் வாரத்தில் குடும்பத்தோடு மணப்பாட்டுக்குச் சென்றார். அங்கே கடலோர மணற்குன்றின் மேல், 1581-இல் எழுப்பப்பட்ட திருச்சிலுவை ஆலயம் உள்ளது. மதிய உணவு முடிந்த கையோடு பேரப்பிள்ளைகள் மணற்சரிவில் ஏறி ஓட, அவரும் பின்தொடர்ந்தார். பாதி வழியில் நெஞ்சு இறுகியது. பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கெடுக்க மனமின்றி, இரவு வரை எவரிடமும் அதைச் சொல்லவில்லை. நள்ளிரவில் அவரை இங்கே அழைத்து வந்தார்கள். நற்பேறாகப் பிழைத்துக்கொண்டார்.

குறை ஊரில் இல்லை. மணலில் நடக்க, கெட்டித் தரையில் நடப்பதைவிட ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றல் தேவை. உண்டவுடன் குருதி செரிமான உறுப்புகளுக்குக் கூடுதலாகப் பாய்கிறது. வெயிலிலோ தோலுக்கும் பாய்கிறது. ஏற்றம், நிறைந்த வயிறு, வெயில் ஆகிய மூன்று சுமைகளையும் அவருடைய இதயம் ஒரே நேரத்தில் தாங்க நேர்ந்தது.

ஆகவே படிப்படியாகத் தொடங்குங்கள். முதல் நடை நம் ஊரிலேயே இருக்கட்டும். 1713-இல் கட்டி முடிக்கப்பட்ட பனிமய மாதா பேராலயமும் அதைச் சூழ்ந்த பழைய தெருக்களும் சமதளத்தில் உள்ளன. களைத்தால் உடனே வீடு திரும்பலாம்.

அடுத்தது, அரைநாள் பயணம். திருச்செந்தூர் செல்லும் வழியிலுள்ள காயல்பட்டினம் பழமையான பள்ளிவாசல்களும் குறுகிய தெருக்களும் கொண்ட சமதள ஊர். பெண்கள் நடப்பதற்கென்றே விடப்பட்ட சந்துகள் அங்கு உண்டு. வெளியூர் ஆண்கள் அவற்றைத் தவிர்ப்பது பண்பு. மணப்பாட்டுக்கும் தாராளமாகச் செல்லலாம். கீழேயுள்ள பழைய வீடுகள் நிறைந்த தெருக்களைக் காலையில் நடந்து பார்த்துவிட்டு, மணற்சரிவைத் தவிர்த்து விடுங்கள்.

இவற்றில் சிரமமில்லை என்றால், மருத்துவரின் ஒப்புதலுடன் தரங்கம்பாடியை எண்ணலாம். 1620-இல் டேனியர் எழுப்பிய கோட்டை, 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், 1792-இல் அமைந்த நகர வாயில் ஆகிய யாவும் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கும். ஆனால் இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம். காரில் நெடுநேரம் அசையாதிருந்தால் கால் சிரைகளில் குருதி உறையக்கூடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சற்று நடக்க வேண்டும். சென்று சேர்ந்த நாளில் ஊர் சுற்றாமல் ஓய்வெடுங்கள்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது குடும்பத்தார் ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். தரை சமமா? வழியில் நிழலும் உட்கார இடமும் உண்டா? கழிப்பறை அருகில் உள்ளதா? (நீர் பிரிய மாத்திரை உண்பவர்க்கு இது மிக முக்கியம்.) இதய சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனை எவ்வளவு தொலைவு? அன்று திருவிழாக் கூட்டம் உண்டா? நம் கடற்கரைக்கு டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை இதமான காலம். காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை நான்கரை மணிக்குப் பின்போ நடக்கலாம். உண்டபின் ஒரு மணி நேரமாவது பொறுத்திருங்கள்.

நடக்கும் வேகத்துக்கு எளிய அளவுகோல் உண்டு: நடந்துகொண்டே தடையின்றிப் பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் மிகுதி. குருதி உறையாமலிருக்கத் தரப்படும் மாத்திரைகளைப் பயணத்தின்போது ஒருநாளும் விடக்கூடாது. இரண்டு நாளுக்குரியதைக் கூடுதலாகவும், மருத்துவச் சுருக்கத்தின் நகலையும் கைப்பையில் வைத்திருங்கள். நெஞ்சு இறுகினால் உடனே உட்காருங்கள். நாவின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்கு எழுதித் தரப்பட்டிருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிடில் 108-ஐ அழையுங்கள். தாமே வண்டி ஓட்டிக்கொண்டு புறப்பட வேண்டாம்.

அந்தக் கணக்கர் கடந்த சனவரியில் மீண்டும் மணப்பாடு சென்று வந்தார். காலை ஏழு மணிக்குத் தெருக்களில் நடந்துவிட்டு, பிள்ளைகள் குன்றேறியபோது கீழே நிழலில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். “என்னால் ஏற முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், யாருக்கும் வருத்தமில்லை” என்றார். நானும் உங்களிடம் வேண்டுவது அதுவே. முடியாததை முடியாது என்று முன்னரே சொல்லுங்கள். வலித்தால் அக்கணமே சொல்லுங்கள்.