டெட்ராலின்: தயாரிப்பு, பண்புகள், பாதுகாப்பு

துணி அலமாரியில் வைக்கப்படும் அந்துருண்டைகள் பலவும் நாஃப்தலீனால் ஆனவை. நாஃப்தலீன், இரண்டு பென்சீன் வளையங்கள் இணைந்த திண்மம். சுமார் 80 பாகை செல்சியசில் உருகும். அவ்விரு வளையங்களுள் ஒன்றில் மட்டும் 4 ஹைட்ரஜன் அணுக்களைச் சேர்த்தால் கிடைக்கும் நிறமற்ற நீர்மமே டெட்ராலின்.

எவ்வாறு தயாரிக்கப்படுகிறது?

உருகிய நாஃப்தலீனுடன், நிக்கல் வினையூக்கியின் முன்னிலையில், ஹைட்ரஜன் வளிமம் அழுத்தத்துடன் செலுத்தப்படுகிறது. கரித்தாரிலிருந்து பெறும் நாஃப்தலீனில் கந்தகச் சேர்மங்கள் கலந்திருக்கும். அவை நிக்கலைச் செயலிழக்கச் செய்வதால் முதலில் நீக்கப்பட வேண்டும். வினை உரிய கட்டத்தில் நிறுத்தப்படாவிடில் மற்ற வளையமும் ஹைட்ரஜனை ஏற்று டெக்கலின் உருவாகும்.

பண்புகளும் இடர்களும்

டெட்ராலின் சுமார் 207 பாகை செல்சியசில் கொதிக்கும், நீரில் கரையாது. ரப்பர், மெழுகு, பிசின், கொழுப்பு ஆகியவற்றைக் கரைக்கும். ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த மார்த்தாண்டம் வட்டாரத்தில் ரப்பர் பசை, வண்ணப்பூச்சு, மெருகுப்பொருள் ஆகியவற்றைக் கையாள்வோர், கொள்கலனின் விவரச்சீட்டில் இப்பெயர் உள்ளதா எனப் பார்த்துக்கொள்வது நன்று.

காரணம், திறந்த கொள்கலனில் இது காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல ஏற்றுப் பெராக்சைடாக மாறுகிறது. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. அத்தகைய பழைய நீர்மத்தைக் காய்ச்சி வடித்தாலோ வற்றவைத்தாலோ பெராக்சைடு செறிந்து வெடிக்கக்கூடும். எனவே திறந்த நாளைக் கொள்கலன் மீதே எழுதி, இறுக மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். நாட்பட்டதை ஒருபோதும் சூடாக்கலாகாது.

இதன் ஆவி கண், மூக்கு, தொண்டையில் எரிச்சலையும் தலைவலியையும் உண்டாக்கும். டெட்ராலின் கலந்த பூச்சுகளுடன் காற்றோட்டமற்ற அறையில் பணிபுரிந்தோருக்குச் சிறுநீர் பச்சை நிறமாக வெளியேறியதும் பதிவாகியுள்ளது. தோலில் பட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவுக.

விழுங்கிவிட்டால் என்ன செய்வது?

மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கு நேரும் ஆபத்தே இங்கும் உண்டு. வாந்தி எடுக்கச் செய்வதே பெருந்தவறு. நீர்மம் மூச்சுக்குழாய்க்குள் சென்றால் நுரையீரல் அழற்சி ஏற்படும். உப்புநீரோ புளிக்கரைசலோ புகட்ட வேண்டாம். உடனே 108-ஐ அழைக்கவும். அல்லது குழித்துறை அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்லவும். கொள்கலனையும் உடன் எடுத்துச் செல்க. மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.