தேனீ ஏன் கொட்டுகிறது? கொட்டினால் என்ன செய்வது?

உயர்ந்த கட்டடங்களின் விளிம்பிலும் பெரிய மரங்களின் கிளைகளிலும் மலைத்தேனீக்கள் அடை கட்டியிருப்பதை நாம் கண்டிருப்போம். கண்டவுடன் அதைத் தீயிட்டு அகற்றவே பலரும் எண்ணுகிறோம். வீட்டில் நோயாளியோ குழந்தையோ இருக்கையில் அந்த அச்சம் இயல்பானதே. எனினும், தேனீ எதற்காகக் கொட்டுகிறது என்பதை அறிந்துகொண்டால் நம் வீட்டாரையும் காக்கலாம், தேனீக்களையும் காக்கலாம்.

கொட்டுபவை பெண் தேனீக்கள் மட்டுமே. அவற்றின் முன்னோரிடம் முட்டையிடப் பயன்பட்ட உறுப்பே, பரிணாம வளர்ச்சியில் நஞ்சைச் செலுத்தும் கொடுக்காக மாறியது. வேலைக்காரத் தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் உண்டு. ஆகவே அது நம் தோலில் தைத்ததும் நஞ்சுப்பையோடு பிய்ந்து அங்கேயே தங்கிவிடுகிறது; தேனீ மடிந்துவிடுகிறது. பொதுவாக முட்டையிடாத வேலைக்காரத் தேனீ, தாயையும் உடன்பிறந்தோரையும் காப்பதன் வழியாகவே தன் மரபைத் தொடரச் செய்கிறது. இதனால்தான் கூட்டுக்கு ஆபத்து வரும்போது உயிரையும் கொடுத்துப் போரிடுகிறது. பூவில் தேன் அருந்தும் தேனீயோ, மிதிபட்டாலோ பிடிபட்டாலோ அன்றிப் பெரும்பாலும் கொட்டுவதில்லை.

கொட்டிய இடத்திலிருந்து எழும் ஒருவகை மணம் மற்ற தேனீக்களையும் அங்கே அழைக்கும். எனவே நின்று கைகளை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு விரைவாக அறைக்குள் சென்றுவிட வேண்டும். தோலில் தங்கிய கொடுக்கு தொடர்ந்து நஞ்சைச் செலுத்துமாதலால் அதை உடனே அகற்ற வேண்டும். நகத்தால் சுரண்டினாலும் பிடுங்கினாலும் சரியே; விரைவுதான் முக்கியம். பின்னர் சோப்பு நீரால் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைக்கலாம். சுண்ணாம்பு தடவினால் தோல் புண்படக்கூடும். அதைத் தவிர்க்க வேண்டும்.

கொட்டிய இடத்தில் மட்டும் வலியும் வீக்கமும் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. உடலெங்கும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம், வாந்தி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் சற்றும் தாமதியாமல் 108 எண்ணை அழையுங்கள். இது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையாக இருக்கலாம். தொடையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே இதற்கு முதன்மையான மருந்து. பல தேனீக்கள் கொட்டியிருந்தால், நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும்; மிகுதியான நஞ்சு சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். இதயநோய்க்கோ இரத்தக்கொதிப்புக்கோ மாத்திரை உட்கொள்பவர்கள் அதை எங்களிடம் கட்டாயம் தெரிவியுங்கள். அவற்றுள் சில இந்த ஒவ்வாமையைக் கடுமையாக்கும். ஆயினும் எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது.

இனி, அந்த அடையை என்ன செய்வது? மலைத்தேனீக்கள் பருவந்தோறும் இடம்பெயர்பவை. எட்டாத உயரத்தில் இருக்கும் அடையைச் சீண்டாமல் விட்டால், காலம் வந்ததும் அவை தாமே சென்றுவிடும். அதுவரை இரவில் சன்னல்களை மூடி, அடைக்கு அருகிலுள்ள விளக்குகளை அணைத்து வைக்கலாம். ஒளி அவற்றை ஈர்க்கும். நடைபாதையை ஒட்டி அடை இருந்தாலோ, வீட்டில் தேனீ நஞ்சு ஒவ்வாதவர் இருந்தாலோ, தீயணைப்புத் துறையினரையோ பயிற்சி பெற்ற தேனீ வளர்ப்போரையோ அழையுங்கள். தாமே தீயிடுவது கூட்டத்தைச் சீற்றங்கொள்ளச் செய்யும்; அடையிலுள்ள இளம் புழுக்களையும் அழிக்கும்.

உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு, ஓரளவேனும் தேனீ முதலிய உயிர்களின் மகரந்தச் சேர்க்கையைச் சார்ந்துள்ளது. நோயாளிகளின் உணவில் நாங்கள் பரிந்துரைக்கும் வெள்ளரியும் பூசணியும் பாகற்காயும் அவற்றுள் அடங்கும்.