தொடையெலும்பு முறிந்து ரணம் ஏற்பட்டால் செய்ய வேண்டுவன

மனித சரீரத்திலுள்ள எலும்புகள் அனைத்திலும் நீண்டதும் வலியதும் தொடையெலும்பேயாகும். திடகாத்திரமுள்ளவருக்கு அது எளிதில் முறிவதன்று. டிராக்டர் கவிழ்தல், மோட்டார் வண்டி மோதுதல், உயர்ந்த மரத்தினின்று விழுதல் போன்ற பெரும் விபத்துக்களிலேயே அது முறிகின்றது. ஆகையால் தொடையெலும்பு முறிந்தவருக்குத் தலை, மார்பு, வயிறு, இடுப்பு ஆகிய இடங்களிலும் அடிபட்டிருக்கக் கூடுமென்பதை மறத்தலாகாது.

எலும்பு முறிந்தும் மேல்தோல் கிழியாதிருந்தால் அது மூடிய முறிவு. தோலும் தசையும் கிழிந்து, முறிந்த இடத்துக்கு வெளியிலிருந்து வழி ஏற்படுமாயின் அது திறந்த முறிவு. எலும்பு வெளியே நீட்டிக் கொண்டிருக்க வேண்டுமென்பதில்லை. கூரிய எலும்பு முனை உள்ளிருந்து தோலைத் துளைத்துவிட்டு மீண்டும் உள்ளே மறைந்துவிடுவதும் உண்டு. எனவே முறிவுக்கு அருகே சிறு ரணம் காணப்பட்டாலும் அதைத் திறந்த முறிவென்றே கொள்ள வேண்டும்.

இதனால் வரும் அபாயங்கள் இரண்டு. முதலாவது இரத்த நஷ்டம். வயது வந்தவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் உண்டு. தொடையெலும்பு முறிந்தால் ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை தசைகளுக்குள்ளேயே தேங்கிவிடக் கூடும். ரணம் திறந்திருப்பின் நஷ்டம் இன்னும் மிகும். முகம் வெளுத்து, உடல் குளிர்ந்து வியர்த்து, நாடி விரைந்து மெலிவது இதன் அடையாளம். இரண்டாவது, மண், சாணம், அழுக்குத் துணி ஆகியவற்றின் வழியாக விஷக்கிருமிகள் எலும்பைச் சேர்வது. எலும்பில் சீழ் பிடித்தால் அது பல மாதங்கள், சில சமயம் வருஷக் கணக்கில் வருத்தும்.

இவ்விரு அபாயங்களையும் மனிதர் வென்ற வரலாறு அறியத்தக்கது. 1865-ஆம் வருஷம் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்னும் ரண வைத்தியர், கால் எலும்பு முறிந்து ரணமும் ஏற்பட்ட ஒரு சிறுவனுக்குக் கார்பாலிக் அமிலம் தோய்த்த கட்டுப் போட்டார். ரணம் சீழ் பிடிக்காமல் ஆறிற்று. லிவர்பூல் நகரத்து ஹியூ ஓவன் தாமஸ், எலும்பு கட்டும் பரம்பரையிற் பிறந்து முறையாக வைத்தியம் பயின்றவர். காலை நீட்டி அசையாமல் நிறுத்தும் இரும்புச் சட்டம் ஒன்றை அவர் அமைத்தார். 1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்தின் ஆரம்பத்தில் தொடையெலும்பு முறிந்த சிப்பாய்களிற் பெரும்பாலோர் மாண்டனர். தாமஸிடம் தொழில் பயின்ற ராபர்ட் ஜோன்ஸ் அச்சட்டத்தை வற்புறுத்தியதன் பயனாக, 1917-இல் அர்ராஸ் போர்க்களத்தில் இக்காயமடைந்தோருள் இறந்தவர் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேராகக் குறைந்தனர். முறிந்த காலை அசையாமல் வைப்பதே உயிரைக் காக்கும் என்பது இதனால் விளங்கும்.

விபத்து நடந்த இடத்தில் செய்ய வேண்டுவன வருமாறு:

1. உடனே 108 எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். அடிபட்டவரை எழுப்பி நிறுத்தவோ, இரு கைகளைப் பற்றித் தூக்கவோ கூடாது.

2. ரணத்தைச் சுத்தமான துணியால் மூடி அழுத்திக் கட்ட வேண்டும். சாம்பல், மஞ்சள், காப்பிப் பொடி, பச்சிலை எதையும் அப்பலாகாது. வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளலாகாது.

3. அழுத்தியும் இரத்தம் பீறிடுமாயின், ரணத்துக்கு மேலே அகன்ற துணியால் இறுகக் கட்டி, கட்டிய மணியைக் குறித்துவைக்க வேண்டும். வைத்தியர் வரும்வரை அதைத் தளர்த்தலாகாது.

4. அக்குளிலிருந்து குதிகால் வரை நீண்ட பலகையை வெளிப்புறம் வைத்து, ரணத்தின்மேல் படாமல் நான்கைந்து இடங்களில் கட்ட வேண்டும். பலகை இல்லையேல், இரு கால்களுக்கிடையே துணியை மடித்து வைத்து, முறிந்த காலை நல்ல காலுடன் சேர்த்துக் கட்டலாம். விரல்கள் நீலம் பாய்ந்தாலோ குளிர்ந்தாலோ இக்கட்டுக்களைச் சிறிது தளர்த்த வேண்டும்.

5. போர்வை போர்த்திச் சூடு காக்க வேண்டும். மயக்க மருந்து கொடுக்க நேருமாதலால் உணவோ பானமோ கொடுக்கலாகாது.

எலும்பு கட்டுவோரிடம் செல்வது நம் கிராமங்களில் நெடுநாள் வழக்கம். ஆயின் திறந்த முறிவுக்கு அது ஏற்றதன்று. அழுக்கை உள்ளே வைத்து மூங்கிற் பத்தையால் இறுகக் கட்டினால், இரத்த ஓட்டம் நின்று கால் அழுகிப் போகும். கால் மட்டுமன்றி உயிரும் போவதுண்டு.

ஆஸ்பத்திரியில் முதலில் இரத்தம் ஏற்றுவர். கிருமிநாசினி மருந்தைக் கூடுமானவரை ஒரு மணி நேரத்துக்குள் கொடுப்பர். தனுர்வாதத்தைத் தடுக்கும் ஊசியும் போடுவர். பின்னர் ரணத்தைத் திறந்து, உயிரற்ற தசையை நீக்கி, பல லிட்டர் உப்பு நீரால் கழுவுவர். சாணமும் சேறும் படிந்த ரணத்தில் இதைத் தாமதமின்றிச் செய்தல் அவசியம். அதன்பின் எலும்பை வெளிச்சட்டத்தாலோ, 1939-இல் ஜெர்மனியில் கூன்ட்ஷெர் என்பவர் கையாண்ட முறையைப் பின்பற்றி எலும்பின் உட்குழலில் செலுத்தும் ஆணியாலோ நிறுத்துவர். எலும்பு கூடப் பல மாதங்கள் ஆகும்; அதுவரை புகை பிடித்தலை அறவே விட வேண்டும்.

வழக்கில் மாட்டிக்கொள்வோமென்று அஞ்சி, சாலையில் கிடப்பவரைப் பலர் தொடாமற் போகின்றனர். 2019-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், நல்லெண்ணத்துடன் உதவுவோருக்குப் பாதுகாப்பளிக்கிறது. விருப்பமின்றேல் தம் பெயரைக்கூட அவர் சொல்ல வேண்டுவதில்லை.

சங்கத்து அங்கத்தினர் ஒன்றுகூடினால் சிறு செலவில் பெரும் பயன் விளையும். சங்கக் கட்டிடத்தில் இரண்டு நீண்ட பலகைகளும், சுத்தமான துணிச் சுருள்களும், தூக்குக் கட்டில் ஒன்றும் வைத்திருக்கலாம். இரத்தம் கொடுக்க இசைவோரின் பெயர்களையும் எழுதி வைக்கலாம். நான்கு வாலிபர்களுக்கு முதலுதவியைக் கற்பிக்கலாம். உழைப்பாளி ஒருவன் காலை இழந்தால் குடும்பம் கடனில் ஆழ்கிறது. அக்கடனை அடைக்கப் பணம் கொடுப்பதினும், அது வாராமற் காப்பதே ஐக்கியத்தின் மேலான பணியாகும்.