மலையோடைக்கு ஏற்ற தூண்டில்



சுருவிற் கரையில் வீச்சுவலை எறிபவரைக் கண்டிருப்பீர்கள். விளிம்பிற் கோத்த ஈயமே வலையை விரித்துச் செல்கிறது. கைத்தூண்டிலிலும் ஈயத்தின் கனமே நூலை இழுத்துச் செல்லும்.

நுவரெலியா மலையோடைகளில் ட்ரவுட் மீன் பிடிக்கும் முறை இதற்கு மாறானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் கடல் கடந்து முட்டைகளாகக் கொணர்வித்த இம்மீன், நீரில் விழும் பூச்சிகளை உண்பது. ஆதலின், முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியே இரை. அதற்குக் கனமில்லை, எறிவதற்கு வேண்டிய கனம் கயிற்றிலேயே உளது.

எனவே கோலும் கயிறும் இசைந்திருத்தல் வேண்டும். இரண்டுக்கும் எண் உண்டு. புதிதாகப் பழகுவோர்க்கு 4 அல்லது 5 போதும். கயிறு கோலுக்கு இலேசாயின் கோல் வளையாது, எறிதலும் கைகூடாது. மலைநாட்டுக்கு மாற்றலாகிச் செல்லும் நம் இளைஞர், இதனை அறியாது ஒரு மாதச் சம்பளத்தைக் கடையில் இழத்தலாகாது.

கோல் 8 முதல் 9 அடி இருக்கலாம். நான்கு துண்டாகக் கழற்றத்தக்கதாயின் பயணத்துக்கு எளிது. கயிறு மிதப்பதாக இருக்கட்டும். அதன் நுனியில், வரவர மெலியும் 9 அடி நைலோன் நூலைக் கட்டுக. சுருளி கயிற்றைச் சுற்றிவைக்கவே பெரிதும் பயன்படும், விலையுயர்ந்தது வேண்டா. மிஞ்சும் பணம் வழுக்காத சப்பாத்துக்கும் மழைச்சட்டைக்கும் உதவும்.

ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. எந்த ஓடையிலும் விதியறிந்து, அனுமதி பெற்ற பின்னரே தூண்டில் இடுக.

புறப்படுமுன், முள்ளுக்குப் பதிலாகப் பஞ்சுத் துணுக்கைக் கட்டிச் சுருவில் வெளியிலேயே எறிந்து பழகுங்கள். கடற்காற்றில் பழகிய கைக்கு மலைக்காற்று தடையாகாது.