பழைய ஆர்கன் வாங்கப் போகிறீர்களா? முதலில் அதன் முதுகைப் பாருங்கள்

மாணவர்களே, மலாக்கா ஜோங்கர் வீதியில் உள்ள பழம்பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்களை விற்கும் கடைகளும் இப்போது நம் நாட்டில் பல ஊர்களில் உள்ளன. இத்தகைய கடைகளில் எப்போதாவது மேசை போன்ற ஒரு பெரிய மரப்பெட்டி கண்ணில் படும். அதில் மேலும் கீழுமாக இரண்டு வரிசைக் கட்டைகள் இருக்கும். காலால் மிதித்து வாசிக்க ஒரு வரிசை பெடல்கள் இருக்கும். முகப்பில் வண்ண வண்ண விசைகள் இருக்கும். அதுதான் மின்னணு ஆர்கன். விலையைக் கேட்டால் புதிய கீபோர்டை விடக் குறைவாகக்கூடச் சொல்வார்கள்.

கீபோர்டு கற்றுக்கொள்ளும் ஆசை உள்ள ஒரு மாணவருக்கு இது பெரிய வாய்ப்பாகத் தோன்றும். வாய்ப்புதான். ஆனால், விசையைத் தட்டி ஒலியைக் கேட்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கருவியின் பின்புறம் ஒட்டியிருக்கும் சிறிய தகட்டைப் படியுங்கள். அதில் வோல்ட், ஹெர்ட்ஸ், வாட் என்று மூன்று எண்கள் இருக்கும். நீங்கள் கொடுக்கும் பணம் வீணாகுமா, பயன்படுமா என்பதை அந்த மூன்று எண்களே பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

திரையரங்கில் பிறந்த கருவி

ஊமைப்படக் காலத்தில் படம் ஓடும்போது அரங்கிலேயே இசை வாசிப்பார்கள். ஒரு பெரிய இசைக்குழுவுக்குச் சம்பளம் கொடுப்பதற்குப் பதிலாக, ஒரே ஆள் புல்லாங்குழல், எக்காளம், முரசு, மணி ஆகிய எல்லா ஒலிகளையும் எழுப்பும் கருவி ஒன்று உருவானது. அதுதான் தியேட்டர் ஆர்கன். ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் என்பவரின் வடிவமைப்பைக் கொண்டு, அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் 1910-களில் இவற்றைத் தயாரித்தது. சுவருக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான குழாய்கள் இருக்கும். அவற்றுக்குள் காற்றைச் செலுத்தி ஒலி எழுப்புவார்கள். பேசும் படங்கள் வந்ததும் இவற்றுக்கு வேலை குறைந்தது.

1935-இல் லாரன்ஸ் ஹாமண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர், குழாய் இல்லாமல் மின்சாரத்தால் இயங்கும் ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிறகு கான், வுர்லிட்சர், கல்பிரான்சன் போன்ற நிறுவனங்கள் தியேட்டர் ஆர்கனின் ஒலியை வீட்டுக்குள் கொண்டுவரும் மின்னணுக் கருவிகளைச் செய்தன. 1959-இல் ஜப்பானின் யாமாஹா தன் முதல் எலக்டோனை வெளியிட்டது. நம் நாட்டு யாமாஹா இசைப்பள்ளிகளிலும் எலக்டோன் கற்பித்தார்கள். ஆகவே, நீங்கள் நம் ஊரில் காணக்கூடிய பழைய ஆர்கன் பெரும்பாலும் ஓர் எலக்டோனாக இருக்கும். அபூர்வமாக ஒரு ஹாமண்டாக இருக்கலாம்.

முதல் எண்: வோல்ட்

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் வீட்டில் 240 வோல்ட்டை ஒட்டியது. ஜப்பானியக் கருவியை அப்படியே நம் சுவரில் செருகினால் என்ன ஆகும்? தடை மாறாமல் இருந்தால், மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று படித்திருப்பீர்கள். 240-ஐ 100-ஆல் வகுத்தால் 2.4. அதன் வர்க்கம் 5.76. அதாவது, கருவி தாங்க வேண்டியதைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு திறன் அதற்குள் பாயும். உருகி எரிந்து கருவி தப்பினால் அது நல்ல காலம். இல்லையென்றால் உள்ளே இருக்கும் மின்மாற்றியே கருகிவிடும்.

ஜப்பானியச் செருகியில் இரண்டு தட்டைக் கால்கள்தாம் இருக்கும். அதை நம் மூன்று துளைப் பிளக்கில் செருக ஓர் அடாப்டர் போதும் என்று சிலர் சொல்வார்கள். அடாப்டர் செருகியின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. நமக்குத் தேவை 240-ஐ 100 ஆக்கும் இறக்கு மின்மாற்றி. அதன் முதன்மைச் சுருளுக்கும் துணைச் சுருளுக்கும் உள்ள விகிதம் 12-க்கு 5. தகட்டிலுள்ள வாட் எண்ணை இங்கேதான் பயன்படுத்த வேண்டும். கருவி 100 வாட் என்றால் 200 வாட் தாங்கும் மின்மாற்றியை வாங்குவது நல்லது. இதன் விலையையும் ஆர்கன் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மேல் துளைக்குள் பேனாவையோ குச்சியையோ விட்டு, இரண்டு கால் செருகியைத் திணிக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த மேல் துளைதான் புவி இணைப்பு. பழைய கருவியில் ஒரு கம்பி அறுந்து உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டால், உங்கள் உயிரைக் காப்பது அந்த இணைப்புதான். இந்த விளையாட்டு வேண்டாம்.

இரண்டாவது எண்: ஹெர்ட்ஸ்

எலக்டோனுக்கு இந்த எண்ணால் பெரிய தொல்லை இல்லை. ஜப்பானில் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60 ஹெர்ட்ஸ். அதனால் அங்குள்ள கருவிகள் பல இரண்டிலும் இயங்கும். தகட்டில் 50/60 என்று போட்டிருப்பார்கள். சுரங்களை உள்ளே இருக்கும் மின்சுற்றே உண்டாக்குவதால் சுருதி மாறாது.

ஹாமண்ட் கதை வேறு. ஹாமண்ட் ஆர்கன் செய்வதற்கு முன் மின்கடிகாரம் செய்தவர். மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு ஒத்து ஓடும் மோட்டாரைத்தான் கடிகாரத்தில் பயன்படுத்தினார். அதே வகை மோட்டாரை ஆர்கனுக்குள்ளும் வைத்தார். அது பல்சக்கரங்கள் பலவற்றைச் சுழற்றும். ஒவ்வொரு பல்லும் ஒரு காந்தத்தைக் கடக்கும்போது கம்பிச்சுருளில் ஒரு மின்துடிப்பு எழும். ஒரு வினாடியில் எத்தனை பற்கள் கடக்கின்றனவோ அதுவே சுரத்தின் அதிர்வெண்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் மோட்டார் வினாடிக்கு 20 சுற்றுச் சுழலும். கியர் வழியாக 16 பல் கொண்ட ஒரு சக்கரம் வினாடிக்கு 27.5 சுற்றுச் சுழலும். 16-ஐ 27.5-ஆல் பெருக்கினால் 440 ஹெர்ட்ஸ். உலகமெங்கும் இசைக்கருவிகளைச் சுருதி சேர்க்கும் அளவு இதுதான்.

அதே கருவியை மலாக்காவுக்குக் கொண்டுவந்தால், இங்கே 50 ஹெர்ட்ஸ். எல்லாச் சக்கரமும் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். 440 என்பது 367-க்கு இறங்கிவிடும். நம் பாடகர்கள் சொல்லும் கணக்கில் சொன்னால், ஐந்து கட்டையை அழுத்தினால் மூன்று கட்டை ஒலிக்கும். தனியாக வாசித்தால் இந்தக் குறை தெரியாது. எல்லாச் சுரமும் ஒன்றுபோல் இறங்கியிருக்கும். கோவிலில் நாதஸ்வரத்தோடோ, பள்ளி இசைக்குழுவில் மற்றவர்களோடோ சேரும்போதுதான் சிக்கல் வெடிக்கும்.

மின்மாற்றி வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அதற்கு விலை கூடிய தனிக் கருவி வேண்டும். ஹாமண்ட் நிறுவனம் 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கென்றே தனியாகவும் ஆர்கன் செய்தது. அப்படிப்பட்டதா என்று தகட்டில் பாருங்கள். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றை இறக்கி வைத்திருந்தால் கடையிலேயே சோதித்துவிடலாம்.

காதால் நோய் கண்டுபிடிக்கலாம்

எண்கள் சரியாக இருந்தால், இனி வாசித்துப் பார்க்கலாம். 1960, 70-களின் டிரான்சிஸ்டர் ஆர்கன்கள் பலவற்றில் பன்னிரண்டு சுரத்துக்குப் பன்னிரண்டு அலையியற்றிகள் மட்டுமே இருக்கும். அவை மேல்ஸ்தாயிச் சுரத்தை உண்டாக்கும். அதைப் பாதியாக வகுத்துக்கொண்டே போனால் கீழ் ஸ்தாயிகள் கிடைக்கும்: 880, 440, 220, 110. இது ஒரு சங்கிலி. ஆகவே, எங்கே அறுந்தது என்பதைக் காதே சொல்லிவிடும்.

ஒரே ஒரு கட்டை மட்டும் ஒலிக்கவில்லையா? பெரும்பாலும் அதன் தொடுமுனையில் அழுக்கு. சுலபமான வேலை. ஒரு சுரம் எல்லா ஸ்தாயியிலும் ஒலிக்கவில்லையா? அந்தச் சுரத்தின் அலையியற்றி பழுது. மேலே ஒலித்து, ஓரிடத்துக்குக் கீழே எல்லாம் ஊமையா? அந்த இடத்திலுள்ள வகுப்பான் பழுது. கான் நிறுவனத்தின் பல ஆர்கன்களில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனி அலையியற்றி உண்டு. ஒலி செழுமையாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருதி சேர்க்க வேண்டும்.

எந்தக் கட்டையையும் தொடாதபோதே ‘ம்ம்ம்’ என்று பலமான இரைச்சல் வருகிறதா? மின்வழங்கியில் உள்ள மின்தேக்கிகள் உலர்ந்திருக்கலாம். இவற்றை மாற்ற முடியும், செலவு ஆகும்.

தியேட்டர் ஆர்கனுக்கே உரிய அலைபாயும் ஒலிக்குச் சுழலும் ஒலிபெருக்கி ஒரு காரணம். பூலாவ் செபாங் நிலையத்தைக் கடந்து போகும் ரயிலின் ஊதல், நெருங்கும்போது உச்சமாகவும் விலகும்போது தாழ்ந்தும் கேட்கும் அல்லவா? அந்த டாப்ளர் விளைவேதான் இது. ஒலிபெருக்கியின் வாய் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 முறை உங்களை நெருங்கி விலகும். அதைச் சுழற்றும் ரப்பர் வார் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு ரப்பரின் குணத்தைச் சொல்லத் தேவையில்லை. ஆண்டுகள் போனால் அது வெடித்து இறுகிவிடும். மரப்பெட்டியில் கரையான் அரித்த தடம் உண்டா என்றும் பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பின்பலகையைக் கழற்றாதீர்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். வால்வு உள்ள கருவிகளில் அது ஆளையே கொல்லக்கூடிய அளவு. அது பயிற்சி பெற்ற தொழில்நுட்பரின் வேலை.

கற்பவருக்கு எது போதும்?

முதல் கருவிக்குப் பெரியதைத் தேட வேண்டாம். வரிசைக்கு 44 கட்டைகளும் 13 பெடல்களும் கொண்ட சிறிய ஆர்கன் தொடக்கத்துக்குப் போதும். வலக்கை மெட்டையும், இடக்கை துணைச் சுரங்களையும், இடக்கால் அடிச்சுரத்தையும் வாசிக்கும் பழக்கம் அதிலேயே வந்துவிடும். ஹாமண்ட் பி-3 போன்ற பெரிய கருவி, பெஞ்சும் பெடலும் சேர்ந்து 180 கிலோவைத் தாண்டும். அதைத் தூக்க எத்தனை பேர் வேண்டும், வீட்டு வாசலில் நுழையுமா, லோரிக்கு எவ்வளவு என்று யோசியுங்கள். ஆர்கனின் விலை 300 வெள்ளி என்றாலும், லோரி, மின்மாற்றி, பழுதுபார்ப்பு ஆகியவற்றைச் சேர்த்த பிறகு வருவதுதான் உண்மையான விலை.

இத்தனை தொல்லை எதற்கு என்று கேட்கலாம். பழைய மின்னிசைக் கருவிகள் நம் இசையில் சாதாரண இடம் பெறவில்லை. 1954-இல் வந்த ‘நாகின்’ இந்திப் படத்தில் மகுடி ஒலியை எழுப்பியது உண்மையான மகுடி அல்ல. கல்யாண்ஜி வாசித்த கிளாவியோலின் என்ற மின்னணுக் கருவி. 1976-இல் இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் மறைந்தபோது, அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அவர் குடும்பம் பிழைத்தது. அந்த வீட்டில் அப்போது ஒன்பது வயதில் இருந்த பையன்தான் ஏ.ஆர். ரஹ்மான். நன்றாகப் பராமரித்த பழைய கருவி ஒரு குடும்பத்துக்குச் சோறும் போட்டது, ஒரு பையனுக்கு இசையும் கற்றுக்கொடுத்தது.

அடுத்த முறை அப்படி ஒரு மரப்பெட்டியைக் கண்டால், தகட்டைக் கைப்பேசியில் படம் எடுங்கள். எல்லாக் கட்டைகளையும் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக அழுத்தி, ஒலிக்காதவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சுருதியை அளந்து எழுதுங்கள். அந்தத் தாளை உங்கள் இயற்பியல் ஆசிரியரிடமும், ஊரில் உள்ள ஒரு மின்பொருள் பழுதுபார்ப்பவரிடமும் காட்டுங்கள். அவர்கள் இருவரும் தலையசைத்த பிறகு அப்பா அம்மாவிடம் பணம் கேளுங்கள்.