பழைய படகு மோட்டாருக்குப் புத்துயிர்

சேலம், நாமக்கல் பகுதிகளில் வாழும் நமக்குக் கடல் வெகு தொலைவு. 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் பரிசலில் ஏறித் துடுப்புப் போட்டுச் செல்லும் மீனவர்களையே நாம் கண்டிருக்கிறோம். கன்னியாகுமரிக் கடற்கரையிலோ, சிறு படகுகளின் பின்புறத்தில் ஒரு மோட்டார் தொங்குவதைக் காணலாம். அதுவே ‘அவுட்போர்டு மோட்டார்’ எனப்படுவது. அங்குள்ள முட்டம் என்னும் ஊரில், 1980-களில் பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குருவான அருட்தந்தை பியர் ஜில்லே, மீனவர்களுக்காகப் பிளைவுட் படகுகளை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார்.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட், 1909-இல் இத்தகைய மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் திறன் ஒன்றரைக் குதிரைசக்தி. எடை ஏறக்குறைய 28 கிலோ. அவர் பெயரில் வந்த மோட்டார்களின் உற்பத்தி 2020-இல் நின்றுவிட்டது. எனவே, பழைய மோட்டார்களைப் பழுதுபார்க்கும் அறிவுக்கு இன்று மதிப்பு மிகுதி.

தோழியரே! ஓசூரில் 1980-இல் தயாரான டி.வி.எஸ். 50 மொபெட்டை நாம் அனைவரும் அறிவோம். அதைப் போலவே பழைய படகு மோட்டாரும் ‘டூ ஸ்ட்ரோக்’ வகையைச் சேர்ந்தது. பிஸ்டன் மேலே ஏறும்போது, அதன் அடியிலுள்ள கிராங்க் கேஸ் என்னும் அறைக்குள் காற்றும் பெட்ரோலும் இழுக்கப்படுகின்றன. பிஸ்டன் இறங்கும்போது அக்கலவை அழுத்தப்பட்டு, பக்கத் துவாரத்தின் வழியே மேலே செல்கிறது. ஆகவே, கிராங்க் கேஸ் ஒரு பம்பாகவும் வேலை செய்கிறது. அதில் ஆயிலைத் தேக்கி வைக்க இயலாது. அதனால்தான் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலக்கிறார்கள். 50-க்கு 1 என்ற அளவானால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் வேண்டும். மிகப் பழைய மோட்டார்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

பல ஆண்டுகள் கிடந்த மோட்டாரின் கயிற்றை உடனே பலமாக இழுக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி, அத்துவாரத்தில் ஆயிலை ஊற்றிச் சில நாள் ஊற விட்டு, பிளைவீலை மெல்லக் கையால் அசைக்க வேண்டும். அது சுழன்றால், அடுத்து மூன்று சோதனைகள்: பிளக்கில் நீலப்பொறி வருகிறதா? பிளக் துவாரத்தை விரலால் மூடிச் சுழற்றினால், காற்று விரலைத் தள்ளுகிறதா? கார்புரேட்டரின் நுண்ணிய துவாரங்களைப் பழைய பெட்ரோலின் பிசின் அடைத்திருக்கிறதா?

காற்றழுத்தம் குறைந்திருந்தால் பிஸ்டன் ரிங்குகளை மாற்ற வேண்டும். சிலிண்டரில் ஆழமான கீறல் இருந்தால், லேத் பட்டறையில் போர் செய்து பெரிய பிஸ்டன் போடுவார்கள்.

ஆனால், புதிய பிஸ்டன் போட்டால் மட்டும் போதுமா? போதாது. கிராங்க் கேஸின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால், வெளிக்காற்று உள்ளே புகும். அப்போது காற்று மிகுந்து, பெட்ரோலும் அதனுடன் வரும் ஆயிலும் போதாமற் போகும். சூடு ஏறிப் புதிய பிஸ்டனும் உருகிவிடும். குளிர்விக்கும் தண்ணீரை மேலே ஏற்றும் இம்பெல்லரும் ரப்பரே. கிடையில் இறுகிப்போன அதையும் மாற்ற வேண்டும். சோதித்துப் பார்க்கும்போதும், மோட்டாரின் அடிப்பாகத்தைத் தண்ணீர் நிரம்பிய பீப்பாயில் இறக்கியே ஓட்ட வேண்டும்.

விசிறியைத் தாங்கும் சிறு ஊசிக்கு ‘சியர் பின்’ என்று பெயர். பாறையில் மோதினால் அது முறிந்து, உள்ளிருக்கும் பற்சக்கரங்களைக் காப்பாற்றும். முறிந்த ஊசிக்குப் பதிலாக இரும்பாணியை அடித்துவிட்டால், அடுத்த மோதலில் பற்சக்கரமே உடையும்.

சாலையில் மொபெட் நின்றால் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். நடுக்கடலில் மோட்டார் நின்றால் காற்றும் நீரோட்டமும் இழுத்த திசையில் படகு போகும். ஆகையால், பழைய மோட்டாரைப் பழுதுபார்ப்பவர் பெரிய பாகங்களோடு நின்றுவிடாமல், மலிவான ரப்பர் வளையங்களையும் சிறு ஊசியையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அவருடைய பொறுமையை நம்பித்தான் ஒரு குடும்பம் கரையில் காத்திருக்கிறது.