ஆம்பூர் டிகிரிக்கு மஸ்கட்டில் யார் சாட்சி?

என் சித்தப்பா மகள் ஆம்பூரில் இருக்கிறாள். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். தனியார் பள்ளியில் நான்கு வருடம் பாடம் எடுத்தவள். போன வருடம் ஒருநாள் போன். "அண்ணா, தாய்லாந்துல இங்கிலீஷ் டீச்சர் வேலையாம். டூரிஸ்ட் விசாவுல போயிட்டு அங்கயே மாத்திக்கலாம்னு ஏஜென்ட் சொல்றாரு. ஒரு லட்சம் கேக்குறாரு."

இரண்டு விஷயம்தான் சொன்னேன். ஒன்று, 1983ஆம் வருட குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பட்டியல் உண்டு. அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், மேலே ஜி.எஸ்.டி. இரண்டாவது, டூரிஸ்ட் விசாவில் தாய்லாந்தில் வேலை செய்யவே முடியாது. நான்-இமிக்ரன்ட் பி விசாவும் வேலை அனுமதியும் வேண்டும். 2022இல் "தாய்லாந்து வேலை" என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பையன்கள் மியான்மரின் மியாவாடியில் ஆன்லைன் மோசடி கும்பலிடம் மாட்டிக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். தேடிப் பார்த்தோம். அந்த ஏஜென்ட் பெயர் பட்டியலில் இல்லை.

கொரியா போகலாமா என்று அடுத்த கேள்வி. அங்கே மொழி ஆசிரியருக்கான இ-2 விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்திருந்தாலும் நம் பாஸ்போர்ட் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. 2010 ஜனவரி 1இல் அமலுக்கு வந்த இந்தியா-கொரியா பொருளாதார ஒப்பந்தத்தில், ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றிதழும் உள்ள இந்தியர்கள் உதவி ஆசிரியராகப் போக இடம் இருக்கிறது. ஜப்பானில் கணக்கு வேறு. பள்ளிகளில் கற்பிப்பவருக்கான விசாவுக்கு, எந்த மொழியைக் கற்பிக்கிறீர்களோ அந்த மொழிவழியில் 12 வருடம் படித்திருக்க வேண்டும். எந்த ஊர்க் குடிமகன் என்று பார்ப்பதைவிட இது எனக்கு நியாயமாகப் படுகிறது. இவளோ எட்டாவது வரை தமிழ் மீடியம்.

கடைசியில் மஸ்கட்டில் ஒரு பள்ளி நேரடியாக வீடியோ இன்டர்வியூ வைத்து எடுத்துக்கொண்டது. ஆங்கிலப் பரீட்சை 40 நிமிடத்தில் முடிந்தது. பேப்பர் வேலைக்கு ஐந்து மாதம்.

மஸ்கட்காரருக்குத் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் என்றால் என்ன தெரியும்? 2002இல் தொடங்கியது, காட்பாடிக்குப் பக்கத்தில் சேர்க்காட்டில் இருக்கிறது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அதன் அதிகாரியின் கையெழுத்து அசல்தானா என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அதற்காகத்தான் சாட்சிக்கு மேல் சாட்சி. பல்கலைக்கழகத்தின் கையெழுத்துக்கு மாநில அரசு சாட்சி. மாநில அரசின் கையெழுத்துக்கு டெல்லி வெளியுறவு அமைச்சகம் சாட்சி. யாருமே டிகிரிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று உத்தரவாதம் தருவதில்லை. முந்தைய கையெழுத்து அசல் என்பதோடு சரி. நான் சாஃப்ட்வேர் ஆள் என்பதால் இது உடனே பிடிபட்டது. வங்கித் தளத்தைத் திறக்கும்போது பிரவுசர் சரிபார்க்கும் சான்றிதழ்ச் சங்கிலியும் இப்படித்தான், நம்பும் ஒரு வேர் வரை ஏறிப் போகும்.

அந்த வேர்தான் அப்போஸ்டில். 1961இன் ஹேக் உடன்படிக்கை. இந்தியாவுக்கு 2005 ஜூலை 14 முதல் பொருந்தும், ஓமானுக்கு 2012 முதல், சவூதிக்கு 2022 டிசம்பர் முதல். உறுப்பு நாடு என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஸ்டிக்கரோடு வேலை முடிந்தது. அமீரகம், கத்தார், குவைத் இதில் இல்லை. அங்கே போக வேண்டுமானால் அமைச்சகத்துக்குப் பிறகு அந்த நாட்டுத் தூதரகத்துக்கும் போய் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். நேரில் வாங்க மாட்டார்கள், அமைச்சகம் நியமித்த ஏஜென்சிகள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அவர்களுக்கும் ஒரு சின்ன சேவைக் கட்டணம். இதற்கே தெருமுனை கன்சல்டன்சிகள் ஆயிரக்கணக்கில் கேட்கின்றன. அலைச்சலுக்குக் கூலி என்று வைத்துக்கொண்டாலும் அதிகம்.

சித்தப்பா ஷூ கம்பெனியில் எக்ஸ்போர்ட் டாகுமென்ட் பார்ப்பவர். அவருக்கு ஆச்சரியமே இல்லை. ஐரோப்பாவுக்குப் போகும் தோலில் குரோமியம் 6 கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே 2015 மே முதல் விற்க முடியாது. அதனால் லேப் ரிப்போர்ட் இல்லாமல் சரக்கு நகராது. "செருப்புக்கே இவ்ளோ பேப்பர், டீச்சருக்குக் கேக்க மாட்டானா?" என்றார்.

உண்மையில் எங்களை அலைய வைத்தது அப்போஸ்டில் இல்லை. முதலில் லேமினேஷன். டிகிரி பத்திரமாக இருக்கட்டும் என்று சித்தியே ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்திருக்கிறார். பிளாஸ்டிக் மேல் யார் சீல் வைப்பார்கள்? பிரிக்கப் பார்த்து ஓரம் கிழிந்து, டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பித்து, இரண்டு மாதம் அதிலேயே போயிற்று.

அடுத்தது இனிஷியல். டிகிரியில் பெயருக்கு முன்னால் ஒரே ஒரு 'எஸ்'. பாஸ்போர்ட்டில் அந்த எஸ் விரிந்து அப்பா பெயராகி சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. பி.எட். சான்றிதழில் எஸ் பெயருக்குப் பின்னால். நமக்கு மூன்றும் ஒரே பெண். குடும்பப் பெயர் வைத்தே யோசிக்கும் விண்ணப்பப் படிவத்துக்கு மூன்று பேர். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் பாடு இன்னும் மோசம். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை ஏற்க மாட்டோம் என்று அமீரகம் அறிவித்தது. பிறகு இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் பரவாயில்லை என்று தளர்த்தியது. இவளுக்கு நோட்டரி முன் 'இருவரும் ஒருவரே' என்று உறுதிமொழிப் பத்திரம், கூடவே தமிழ்நாடு அரசிதழில் பெயர் அறிவிப்பு. இரண்டையும் இணைத்த பிறகுதான் பள்ளிக்காரர்கள் திருப்தியானார்கள்.

மாவட்டமும் விடவில்லை. டிகிரி வாங்கியபோது ஆம்பூர் வேலூர் மாவட்டம். 2019 நவம்பரில் பிரித்ததிலிருந்து திருப்பத்தூர். சிவகங்கைப் பக்கமும் ஒரு திருப்பத்தூர் இருப்பது கூடுதல் குழப்பம். என் பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு. நல்லவேளை, நான் எங்கும் போகவில்லை.

போலீஸ் கிளியரன்ஸ்தான் சுலபமாக முடிந்தது. 500 ரூபாய், பாஸ்போர்ட் தளத்திலேயே விண்ணப்பம். 2022 செப்டம்பர் 28 முதல் தபால் நிலைய பாஸ்போர்ட் மையங்களிலும் கொடுக்கலாம். மாநிலப் போலீஸ் தளத்தில் வாங்கும் சரிபார்ப்பு அறிக்கை வேறு, இது வேறு. மாற்றி வாங்கிவிட்டால் 500 ரூபாயோடு நாளும் வீண்.

போன மாதம் மஸ்கட் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் தம்பி இந்த வருடம் பத்தாவது. பள்ளியில் நாமினல் ரோல் எடுக்கும் அன்று சித்தப்பா லீவு போட்டு, பையனின் பாஸ்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போய், இனிஷியல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.